வேதிச் சமன்பாட்டைச் சமன் செய்வதும் விடுபட்ட பொருளைக் கண்டுபிடிப்பதும்: பத்தாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை ஒரு வழிகாட்டி

சமன்பாடு சமன் செய்ய வரவில்லை என்று சொல்கிற பிள்ளையின் நோட்டைப் புரட்டினால், பிழை பெரும்பாலும் முதல் வரியிலேயே கிடக்கும். வாய்பாடு தப்பாக இருக்கும். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் எண்களை மாற்றிப் போட்டாலும் இரண்டு பக்கமும் ஒத்துவராது. தப்பான வாய்பாட்டோடு ஒத்துவந்துவிட்டால் இன்னும் மோசம். தப்பு விடை சரியான விடைபோலவே நிற்கும்.

பத்தாம் வகுப்பில் வேதிவினைகளின் வகைகள் படிக்கிறவர்களுக்கும், பதினொன்றாம் வகுப்பின் முதல் பாடத்தில் ஆக்சிஜனேற்ற எண் முறையைப் பார்த்து மலைத்து நிற்பவர்களுக்கும், வீட்டில் தம்பி தங்கைக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கும் இது உதவும். எடுத்துக்காட்டுகளில் பல குமரி மாவட்டத்தில் கண்ணில் படும் பொருள்கள்: சிப்பிச் சுண்ணாம்பு, ரப்பர் பால், அக்கானி (பதநீர்), மணவாளக்குறிச்சி மணல், புத்தளம் உப்பளம்.

படிக்கும் முறை பற்றி ஒன்று. இங்கே பொருள்களைப் பெயராலும் அணு எண்ணிக்கையாலும்தான் சொல்லியிருக்கிறேன். பெயரைப் படித்துவிட்டுக் குறியீட்டு வாய்பாட்டை நோட்டில் நீங்களே எழுதுங்கள். அதுவே முதல் பயிற்சி. பெயருக்கு முன்னால் வரும் எண் கெழு. எண் இல்லையென்றால் 1 என்று பொருள்.

1. கையில் வேண்டியவை, ஆகும் செலவு

பாடநூல், தனிம வரிசை அட்டவணை, ரஃப் நோட்டு, பென்சில், அழிப்பான். இவ்வளவுதான். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்குப் பாடநூல் விலையில்லாமல் கிடைக்கிறது. மற்றவர்கள் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இதற்கென்று தனியாக கைடு வாங்கத் தேவையில்லை.

பணம் கொடுத்து வாங்க முடியாத ஒரு தாள் மட்டும் வேண்டும். அயனி அட்டவணை. கடையில் விற்கும் சார்ட்டை ஒட்டிவைத்தால் மனத்தில் நிற்காது, உங்கள் கையாலேயே எழுதுங்கள். முதலில் இவை போதும்:

நேர்மின்சுமை 1: சோடியம், பொட்டாசியம், சில்வர், அம்மோனியம், ஹைட்ரஜன்
நேர்மின்சுமை 2: கால்சியம், மெக்னீசியம், ஜிங்க், பேரியம், ஃபெரஸ் இரும்பு, குப்ரிக் காப்பர்
நேர்மின்சுமை 3: அலுமினியம், ஃபெரிக் இரும்பு
எதிர்மின்சுமை 1: குளோரைடு, ஹைட்ராக்சைடு, நைட்ரேட், பைகார்பனேட்
எதிர்மின்சுமை 2: ஆக்சைடு, சல்பைடு, சல்பேட், கார்பனேட்
எதிர்மின்சுமை 3: பாஸ்பேட்

இந்தத் தாளின் அடியில் ஏழு பெயர்களைப் பெரிதாக எழுதுங்கள்: ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின். இவை தனித்து இருக்கும்போது இரண்டு அணு சேர்ந்த மூலக்கூறாகவே இருக்கும். ஆக்சிஜனை ஒற்றை அணுவாக எழுதிச் சமன் செய்த விடைகளுக்கு மதிப்பெண் போவது ஆண்டுதோறும் நடக்கிற காரியம்.

செல்போனில் சமன் செய்துகொடுக்கும் செயலிகள் உண்டு. விடை சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். நீங்கள் கொடுத்த வாய்பாடு தப்பா என்று அவை பார்ப்பதில்லை. எண் ஒத்துவந்தால் விடை என்று காட்டிவிடும்.

2. வாய்பாட்டை முடிக்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள்

உப்பின் மொத்த மின்சுமை பூச்சியமாக இருக்க வேண்டும். அலுமினியம் சல்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீர்த் தொட்டியில் கலங்கலைத் தெளியவைக்கப் போடுகிற பொருள். அலுமினியத்துக்கு நேர் 3, சல்பேட்டுக்கு எதிர் 2. இரண்டும் சமமாக, அலுமினியம் 2, சல்பேட் 3. நேர் 6, எதிர் 6, சரி.

இங்கே மூன்று இடத்தில் வழுக்கும்.

அடைப்புக்குறியை விடுவது. கால்சியம் ஹைட்ராக்சைடில் ஹைட்ராக்சைடு இரண்டு. அடைப்புக்குறி போடாமல் 2 எழுதினால் ஆக்சிஜன் 1, ஹைட்ரஜன் 2 என்றாகிவிடும். உண்மையில் இரண்டுமே 2.

சுருக்காமல் விடுவது. கால்சியம் ஆக்சைடில் இரண்டு அயனிக்கும் மின்சுமை 2. மாற்றிப் போட்டு 2, 2 என்று எழுதக் கூடாது. 1, 1 என்று சுருக்க வேண்டும்.

ஃபெரஸ், ஃபெரிக் குழப்பம். இரும்பு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு வினைபட்டால் கிடைப்பது ஃபெரஸ் குளோரைடு. குளோரின் வாயுவோடு வினைபட்டால் ஃபெரிக் குளோரைடு. கேள்வியில் வெறும் ‘இரும்பு குளோரைடு’ என்று இருந்தால், எதிரே நிற்பது அமிலமா குளோரினா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வாய்பாட்டை எழுதி முடித்ததும், அதற்குள் இருக்கும் எண்களைப் பிறகு தொடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீரில் ஓர் ஆக்சிஜன் குறைகிறதே என்று உள்ளே 2 போட்டால் அது நீர் இல்லை, ஹைட்ரஜன் பெராக்சைடு. மாற்றக்கூடியது முன்னால் நிற்கும் கெழு மட்டும்.

3. இரண்டு பக்கமும் எண்ணிக் குறிப்பது

சமன்பாட்டின் கீழே தனிமங்களின் பெயரை வரிசையாக எழுதி, இடப்பக்கம் எத்தனை, வலப்பக்கம் எத்தனை என்று குறியுங்கள். மனக்கணக்கு வேண்டாம். ஒரு கெழு மாறும்போதெல்லாம் அது தொடும் எல்லாத் தனிமத்தின் எண்ணிக்கையையும் அழித்துத் திருத்துங்கள்.

சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கும் வினை:

கால்சியம் கார்பனேட் → கால்சியம் ஆக்சைடு + கார்பன் டைஆக்சைடு

கால்சியம் 1, 1. கார்பன் 1, 1. ஆக்சிஜன் 3, 1 + 2 = 3. எழுதியவுடனேயே சமனாக இருக்கிறது. கெழு போட எதுவும் இல்லையே என்று பதறி 2, 2, 2 என்று போடுகிறவர்கள் உண்டு. அது தேவையில்லை, குறைந்தபட்ச முழு எண்களே விடை. சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றி நீற்றும் வினையும் இப்படித்தான், எல்லாக் கெழுவும் 1:

கால்சியம் ஆக்சைடு + நீர் → கால்சியம் ஹைட்ராக்சைடு

4. எதை முதலில் சமன் செய்வது

பொது வரிசை: முதலில் உலோகம், பிறகு கார்பன், கந்தகம் போன்ற அலோகம், அதன்பின் ஹைட்ரஜன், கடைசியாக ஆக்சிஜன். இதைவிட முக்கியமான விதி இன்னொன்று. தனித் தனிமமாக நிற்கும் பொருளைக் கடைசிக்கு வையுங்கள். அதன் கெழுவை மாற்றினால் வேறு எந்தத் தனிமமும் அசையாது. நடுவில் அதைத் தொட்டால் திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வருவீர்கள்.

சமையல் எரிவாயுவில் உள்ள பியூட்டேன் எரிவதைப் பாருங்கள். பியூட்டேனில் கார்பன் 4, ஹைட்ரஜன் 10.

பியூட்டேன் + ஆக்சிஜன் → கார்பன் டைஆக்சைடு + நீர்

கார்பன் 4, ஆகவே கார்பன் டைஆக்சைடுக்கு முன் 4. ஹைட்ரஜன் 10, ஆகவே நீருக்கு முன் 5. இப்போது வலப்பக்கம் ஆக்சிஜன் 8 + 5 = 13. இடப்பக்கம் ஆக்சிஜன் மூலக்கூறு இரண்டிரண்டாகத்தான் வரும். 13 ஒற்றைப்படை. இங்கேதான் பலர் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார்கள். தேவையில்லை. ஆறரை என்று எழுதிவிட்டு, எல்லாக் கெழுவையும் 2 ஆல் பெருக்குங்கள்:

2 பியூட்டேன் + 13 ஆக்சிஜன் → 8 கார்பன் டைஆக்சைடு + 10 நீர்

எண்ணிப் பாருங்கள். கார்பன் 8, 8. ஹைட்ரஜன் 20, 20. ஆக்சிஜன் 26, 16 + 10 = 26.

5. அயனித் தொகுதி உடையாவிட்டால் முழுசாக எண்ணுங்கள்

அலுமினியம் சல்பேட் + கால்சியம் ஹைட்ராக்சைடு → அலுமினியம் ஹைட்ராக்சைடு + கால்சியம் சல்பேட்

சல்பேட் இரண்டு பக்கமும் சல்பேட்டாகவே இருக்கிறது. அதைக் கந்தகம், ஆக்சிஜன் என்று பிரிக்க வேண்டாம். சல்பேட் 3, ஆகவே கால்சியம் சல்பேட் 3. கால்சியம் 3, ஆகவே கால்சியம் ஹைட்ராக்சைடு 3. அலுமினியம் 2, ஆகவே அலுமினியம் ஹைட்ராக்சைடு 2. ஹைட்ராக்சைடு 6, 6. நான்கே வரியில் முடிந்தது: 1, 3, 2, 3.

தொகுதியின் ஒரு பகுதி உடைந்து வேறு பொருளாகப் போகும் வினையில் இது செல்லாது. காப்பர், நைட்ரிக் அமில வினையில் சில நைட்ரேட் அப்படியே இருக்கும், சில வாயுவாகிவிடும். அதை எட்டாவது படியில் பார்க்கலாம்.

6. பார்வையால் வராதபோது எழுத்துக் கணக்கு

நான்கு, ஐந்து முயற்சியில் வரவில்லையென்றால் பார்வை முறையை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு கெழுவுக்கும் ஓர் எழுத்துக் கொடுத்து, தனிமத்துக்கு ஒரு சமன்பாடு எழுதினால் எட்டாம் வகுப்புக் கணக்குப்போல ஆகிவிடும்.

மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கும் தாதுக்களில் ஒன்று இல்மனைட். அதில் இரும்பு 1, டைட்டானியம் 1, ஆக்சிஜன் 3. அங்கே நடப்பது தாதுக்களைப் பிரிக்கும் வேலை. கீழே உள்ள வினை, டைட்டானியம் டெட்ராகுளோரைடு ஆக்கும் ஆலைகளில் அதிக வெப்பநிலையில் நடத்துவது.

அ இல்மனைட் + ஆ குளோரின் + இ கார்பன் → ஈ டைட்டானியம் டெட்ராகுளோரைடு + உ ஃபெரிக் குளோரைடு + ஊ கார்பன் மோனாக்சைடு

டைட்டானியம்: அ = ஈ
இரும்பு: அ = உ
ஆக்சிஜன்: 3அ = ஊ
கார்பன்: இ = ஊ
குளோரின்: 2ஆ = 4ஈ + 3உ

அதிகப் பொருள்களைத் தொடும் எழுத்துக்கு 1 கொடுங்கள். அ = 1 என்றால் ஈ = 1, உ = 1, ஊ = 3, இ = 3, ஆ = மூன்றரை. எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கினால் 2, 7, 6, 2, 2, 6. குளோரின் 14, 8 + 6 = 14. சரி.

எழுத்துக் கணக்கில் எல்லாமே பூச்சியம் என்று வந்தால் வாய்பாடு தப்பு, அல்லது ஒரு பொருள் விடுபட்டிருக்கிறது. இரண்டாவது படிக்குத் திரும்புங்கள்.

7. விடுபட்ட பொருளைக் கண்டுபிடிப்பது

இதில் இரண்டு கேள்வி இருக்கின்றன. என்னென்ன அணு குறைகிறது? அந்த அணுக்கள் எந்தப் பொருளாக இருக்கின்றன? முதலாவதைக் கழித்தல் சொல்லிவிடும். இரண்டாவதை வேதியியல்தான் சொல்லும். கழித்ததோடு நிறுத்திவிடுகிறவர்கள் இங்கேதான் மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

நேரடிக் கழித்தல். ஆப்பசோடாவைச் சூடாக்கும் வினை:

2 சோடியம் பைகார்பனேட் → சோடியம் கார்பனேட் + நீர் + ?

இடப்பக்கம் சோடியம் 2, ஹைட்ரஜன் 2, கார்பன் 2, ஆக்சிஜன் 6. வலப்பக்கம் தெரிந்தவற்றில் சோடியம் 2, ஹைட்ரஜன் 2, கார்பன் 1, ஆக்சிஜன் 4. மிச்சம் கார்பன் 1, ஆக்சிஜன் 2. கார்பன் டைஆக்சைடு. மாவு பொங்குவது இதனால்தான்.

மிச்சத்தை அப்படியே வாய்பாடாக எழுதக் கூடாது. ஊது உலையில்:

ஃபெரிக் ஆக்சைடு + 3 கார்பன் மோனாக்சைடு → 2 இரும்பு + ?

மிச்சம் கார்பன் 3, ஆக்சிஜன் 6. மூன்று கார்பன், ஆறு ஆக்சிஜன் கொண்ட ஒரே மூலக்கூறு என்று எழுதிவைத்தால் தப்பு. பொதுக் காரணி 3 ஐ வெளியே எடுங்கள்: 3 கார்பன் டைஆக்சைடு.

மிச்சம் இரண்டு பொருளாகவும் இருக்கலாம். அம்மோனியம் குளோரைடை நீற்றிய சுண்ணாம்போடு சேர்த்துச் சூடாக்கினால்:

2 அம்மோனியம் குளோரைடு + கால்சியம் ஹைட்ராக்சைடு → கால்சியம் குளோரைடு + ? + ?

மிச்சம் நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 10, ஆக்சிஜன் 2. இதை ஒரே பொருளாக்க முடியாது. நைட்ரஜன் எங்கே போகும்? அம்மோனியம் உப்போடு காரம் சேர்ந்தால் அம்மோனியா வெளிவரும். ரப்பர் பால் திரியாமல் இருக்கக் கலக்கும் அதே அம்மோனியா, மூக்கைத் துளைக்கும் அதே நெடி. 2 அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் 6 போக, மீதம் ஹைட்ரஜன் 4, ஆக்சிஜன் 2. அது 2 நீர். ஒன்றைச் சரியாக ஊகித்தால் மற்றது தானாக விழும்.

வினைபடுபொருள் மறைந்திருந்தால் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்தைக் கழிக்க வேண்டும். பனையிலிருந்து இறக்கும் அக்கானியின் இனிப்பு பெரும்பாலும் சுக்ரோஸ். அதில் கார்பன் 12, ஹைட்ரஜன் 22, ஆக்சிஜன் 11. நொதிக்கும்போது முதலில்:

சுக்ரோஸ் + ? → குளுக்கோஸ் + ஃப்ரக்டோஸ்

குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் இரண்டிலுமே கார்பன் 6, ஹைட்ரஜன் 12, ஆக்சிஜன் 6. கூட்டினால் 12, 24, 12. குறைவது ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 1. நீர். கரைசலில் நடக்கும் வினையில் நீரை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆகவே ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் 2க்கு 1 என்ற விகிதத்தில் குறைந்தால் முதல் சந்தேகம் நீர்மேல் இருக்கட்டும். அடுத்த கட்டத்தில் குளுக்கோஸ் 2 எத்தனாலாக மாறும்போது மிஞ்சுவதைக் கழித்துப் பாருங்கள், 2 கார்பன் டைஆக்சைடு வரும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் காரத்தன்மை கூடி இந்த நொதித்தல் தடைப்படுகிறது.

இன்னொன்று. ரப்பர் ஷீட் அடிக்கும் இடத்தில் பாலை உறையவைக்கும் அமிலம் சிந்தி, சுண்ணாம்பு பூசிய தரையில் நுரைக்கிறது:

? + கால்சியம் கார்பனேட் → கால்சியம் ஃபார்மேட் + நீர் + கார்பன் டைஆக்சைடு

கால்சியம் ஃபார்மேட்டில் கால்சியம் 1, கார்பன் 2, ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 4. வலப்பக்க மொத்தம் கால்சியம் 1, கார்பன் 3, ஹைட்ரஜன் 4, ஆக்சிஜன் 7. கார்பனேட்டைக் கழித்தால் கார்பன் 2, ஹைட்ரஜன் 4, ஆக்சிஜன் 4. உப்பின் பெயரிலேயே அமிலத்தின் பெயர் இருக்கிறது, ஃபார்மிக் அமிலம். ஒரு மூலக்கூறில் கார்பன் 1, ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 2. ஆகவே 2 ஃபார்மிக் அமிலம்.

கெழுவே கொடுக்காத கேள்வியில் கழிக்க முடியாது. அப்போது வினையின் வகையைப் பிடியுங்கள்:

அமிலம் + காரம்: உப்பும் நீரும்
அமிலம் + ஜிங்க், மெக்னீசியம் போன்ற உலோகம்: உப்பும் ஹைட்ரஜனும்
அமிலம் + கார்பனேட் அல்லது பைகார்பனேட்: உப்பு, நீர், கார்பன் டைஆக்சைடு
உலோகக் கார்பனேட்டைச் சூடாக்கினால்: பெரும்பாலும் ஆக்சைடும் கார்பன் டைஆக்சைடும். சோடியம், பொட்டாசியம் கார்பனேட்டுகள் இப்படி எளிதில் சிதைவதில்லை.
ஹைட்ரோகார்பன் முழுமையாக எரிந்தால்: கார்பன் டைஆக்சைடும் நீரும்
இரண்டு உப்புக் கரைசல்: அயனி மாறி, கரையாதது வீழ்படிவாகும்

காப்பரை இரண்டாவது வரியில் சேர்த்துவிடாதீர்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் காப்பர் ஹைட்ரஜனை வெளியேற்றாது.

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதற்கு இல்மனைட் வினையே சாட்சி. கார்பன் மோனாக்சைடுக்குப் பதில் கார்பன் டைஆக்சைடு எழுதி, 2 இல்மனைட், 7 குளோரின், 3 கார்பன் என்று போட்டாலும் கச்சிதமாகச் சமனாகும், அந்த வாயு 3 வரும். எது உண்டாகிறது என்பதை வெப்பநிலையும் சூழலும் தீர்மானிக்கின்றன. கேள்வியில் ‘நீர்த்த’, ‘அடர்’, ‘அதிகக் காற்றில்’, ‘சூடாக்கும்போது’ என்ற சொற்கள் அலங்காரத்துக்கு இல்லை. அடிக்கோடிட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

8. பதினொன்றாம் வகுப்புக்கு மேல்: மின்சுமையும் சமனாக வேண்டும்

இந்த அயனிச் சமன்பாட்டைப் பாருங்கள்:

பெர்மாங்கனேட் அயனி + ஃபெரஸ் அயனி + 8 ஹைட்ரஜன் அயனி → மாங்கனஸ் அயனி + ஃபெரிக் அயனி + 4 நீர்

மாங்கனீசு 1, 1. இரும்பு 1, 1. ஆக்சிஜன் 4, 4. ஹைட்ரஜன் 8, 8. அணுக்கள் எல்லாம் சமம். ஆனாலும் தப்பு. இடப்பக்க மின்சுமை: எதிர் 1, நேர் 2, நேர் 8, மொத்தம் நேர் 9. வலப்பக்கம் நேர் 2, நேர் 3, மொத்தம் நேர் 5. மாங்கனீசு ஆக்சிஜனேற்ற எண் 7 இலிருந்து 2க்கு இறங்க 5 எலக்ட்ரான் வேண்டும். ஒரு ஃபெரஸ் அயனி ஒரே எலக்ட்ரானைத்தான் தரும். ஆகவே ஃபெரஸ் 5, ஃபெரிக் 5. இப்போது இருபுறமும் நேர் 17. பிளஸ் டூ செய்முறையில் பியூரெட்டோடு செய்கிற வினையின் சமன்பாடு இதுதான். அந்த 1க்கு 5 விகிதத்தைத் தப்பாக எடுத்தால் கணக்கீடு முழுவதும் போய்விடும். அமிலமாகச் சேர்ப்பது நீர்த்த கந்தக அமிலம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் அதன் குளோரைடையும் பெர்மாங்கனேட் ஆக்சிஜனேற்றம் செய்து, அளவு கூடிக் காட்டும்.

இத்தகைய வினைகளில் விடுபட்டுக் கிடப்பவை பெரும்பாலும் நீரும் ஹைட்ரஜன் அயனியும்தான். அமில ஊடகத்தில் ஆக்சிஜன் குறையும் பக்கம் நீர், பிறகு ஹைட்ரஜன் குறையும் பக்கம் ஹைட்ரஜன் அயனி, கடைசியாக எலக்ட்ரான். இந்த வரிசை மாறக் கூடாது. கார ஊடகமென்றால் முதலில் அமில ஊடகம்போலவே முடித்துவிட்டு, எத்தனை ஹைட்ரஜன் அயனி இருக்கிறதோ அத்தனை ஹைட்ராக்சைடை இரு பக்கமும் சேர்த்து, இரண்டும் ஒரே பக்கம் இருக்குமிடத்தில் நீராக்கி, பொதுவான நீரை நீக்குங்கள். பெர்மாங்கனேட் மாங்கனீசு டைஆக்சைடாகும் அரைவினையை (எலக்ட்ரான் ஏற்கும் பாதியை மட்டும் தனியாக எழுதுவது) அப்படி முடிக்கும்போது இடப்பக்கம் 2 நீர், 3 எலக்ட்ரான், வலப்பக்கம் 4 ஹைட்ராக்சைடு என்று நிற்கும். இரு பக்கமும் மின்சுமை எதிர் 4.

இனி காப்பர், நீர்த்த நைட்ரிக் அமிலம். வாயு நைட்ரிக் ஆக்சைடு. காப்பர் 0 இலிருந்து 2க்கு ஏறி 2 எலக்ட்ரான் இழக்கிறது. நைட்ரஜன் 5 இலிருந்து 2க்கு இறங்கி 3 பெறுகிறது. ஆகவே காப்பர் 3, நைட்ரிக் ஆக்சைடு 2. இங்கே நைட்ரிக் அமிலத்துக்கு 2 போட்டுவிட்டு நின்றுவிடுகிறார்கள். இந்த வினையில் அமிலத்துக்கு இரண்டு வேலை. 2 மூலக்கூறு வாயுவாகிறது. 3 காப்பர் நைட்ரேட்டுக்கு இன்னும் 6 நைட்ரேட் வேண்டும். மொத்தம் 8. ஹைட்ரஜன் 8, ஆகவே நீர் 4:

3 காப்பர் + 8 நைட்ரிக் அமிலம் → 3 காப்பர் நைட்ரேட் + 2 நைட்ரிக் ஆக்சைடு + 4 நீர்

ஆக்சிஜன் 24, 18 + 2 + 4 = 24. அடர் அமிலமென்றால் வாயு நைட்ரஜன் டைஆக்சைடு, கெழுக்கள் 1, 4, 1, 2, 2.

9. நிறையால் ஒரு சோதனை

அணு எண்ணிக்கையில் சந்தேகம் இருந்தால் மோலார் நிறையைக் கூட்டிப் பாருங்கள். பியூட்டேன் 58, ஆக்சிஜன் 32, கார்பன் டைஆக்சைடு 44, நீர் 18. இடப்பக்கம் 116 + 416 = 532. வலப்பக்கம் 352 + 180 = 532. சமன் செய்த சமன்பாடு எவ்வளவு தேவை, எவ்வளவு கிடைக்கும் என்பதையும் இதிலேயே சொல்லிவிடுகிறது. 14.2 கிலோ சிலிண்டரில் முழுவதும் பியூட்டேன் என்று வைத்துக்கொண்டால் எரிக்க ஏறத்தாழ 51 கிலோ ஆக்சிஜன் வேண்டும். 100 கிலோ தூய கால்சியம் கார்பனேட்டைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பும் 44 கிலோ கார்பன் டைஆக்சைடும். அந்த 56 கிலோவை நீற்றக் கணக்குப்படி 18 கிலோ நீர் போதும், ஆனால் நீற்றும் வெப்பத்தில் நீர் ஆவியாகிப் போவதால் அதைவிடக் கூடுதலாக ஊற்ற வேண்டியிருக்கும்.

10. நேரம்

பத்தாம் வகுப்பு அறிவியலில் 75 மதிப்பெண்ணுக்கு 3 மணி நேரம். ஒரு மதிப்பெண்ணுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம். இரண்டு மதிப்பெண் சமன்பாட்டுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். அதில் முதல் ஒன்றரை நிமிடம் வாய்பாட்டுக்கு, இரண்டு நிமிடம் சமன் செய்ய, மீதி எண்ணிப் பார்க்க. ஐந்து நிமிடத்தில் வரவில்லையென்றால் வாய்பாடுகளைச் சரியாக எழுதி, இடம் விட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். நீட் தேர்வில் கேள்விக்குச் சராசரி ஒரு நிமிடம்தான். அங்கே முழுதாகச் சமன் செய்யாமல், கொடுத்த நான்கு விடைகளில் மின்சுமை ஒத்துவராதவற்றை முதலில் தள்ளுங்கள்.

தொடக்கத்தில் தினம் அரை மணி நேரம் போதும். முதல் வாரம் வாய்பாடு மட்டும் எழுதுங்கள், சமன்பாடு பக்கமே போகாதீர்கள். இரண்டாம் வாரம் மூன்றிலிருந்து ஐந்துவரை உள்ள படிகள். விடுபட்ட பொருள் கேள்விகளை மூன்றாம் வாரம் எடுங்கள். அவசரப்பட்டு இந்த வரிசையைக் கலைத்தால், எல்லாவற்றையும் பாதி தெரிந்த நிலையிலேயே நிற்க நேரும்.

11. போட்டுப் பாருங்கள்

அ. அம்மோனியா + ஆக்சிஜன் → நைட்ரிக் ஆக்சைடு + ?
ஆ. உப்புக் கரைசலின் மின்னாற்பகுப்பு: சோடியம் குளோரைடு + நீர் → சோடியம் ஹைட்ராக்சைடு + குளோரின் + ?
இ. புத்தளம் போன்ற உப்பளங்களில் உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியம் குளோரைடு மிகுதி. அதில் நீற்றிய சுண்ணாம்பைச் சேர்த்தால் கிடைக்கும் இரண்டு பொருள்கள் எவை?
ஈ. இரும்புப் பைரைட்டு (இரும்பு 1, கந்தகம் 2) + ஆக்சிஜன் → ஃபெரிக் ஆக்சைடு + கந்தக டைஆக்சைடு
உ. அமில ஊடகத்தில் டைகுரோமேட் அயனி (குரோமியம் 2, ஆக்சிஜன் 7, எதிர் 2) + ஃபெரஸ் அயனி → குரோமிக் அயனி (நேர் 3) + ஃபெரிக் அயனி

விடைகள்

அ. விடுபட்டது நீர். கெழுக்கள் 4, 5, 4, 6.
ஆ. விடுபட்டது ஹைட்ரஜன். 2, 2, 2, 1, 1. ஒற்றை அணு ஹைட்ரஜன் எழுதியிருந்தால் முதல் படியில் உள்ள ஏழு பெயர்களைத் திரும்பப் பாருங்கள்.
இ. மெக்னீசியம் ஹைட்ராக்சைடு, கால்சியம் குளோரைடு. எல்லாக் கெழுவும் 1. வெள்ளையாக வீழ்படிவது மெக்னீசியம் ஹைட்ராக்சைடு.
ஈ. 4, 11, 2, 8. பார்வை முறையில் வரவில்லையென்றால் எழுத்துக் கணக்கில் ஃபெரிக் ஆக்சைடுக்கு 1 கொடுத்துத் தொடங்குங்கள்.
உ. டைகுரோமேட் 1, ஃபெரஸ் 6, ஹைட்ரஜன் அயனி 14. வலப்பக்கம் குரோமிக் 2, ஃபெரிக் 6, நீர் 7. இருபுறமும் மின்சுமை நேர் 24. ஃபெரஸ் 3 என்று வந்திருந்தால், டைகுரோமேட்டில் குரோமியம் இரண்டு என்பதை விட்டுவிட்டு ஒன்றுக்கு மட்டும் எலக்ட்ரான் எண்ணியிருப்பீர்கள்.